பருவமும் விரதமும்

உடலைப் பருவத்துக்கேற்பப் பேணுவது ஆன்மிகத்தின் பகுதியா, அதற்குத் தடையா? இந்திய மரபில் இரு விடைகள் உண்டு. உடல் ஒரு தளை, அதை ஒடுக்கியே ஆகவேண்டும் என்பது ஒன்று. உடலைக் காப்பதே உயிரைக் காப்பது என்பது மற்றொன்று. திருமூலர் நிற்பது இந்தப் பக்கம். மிகையாக உண்பவருக்கும் அறவே உண்ணாதவருக்கும் யோகம் கைகூடாது என்று கீதையின் ஆறாம் அத்தியாயமும் சொல்கிறது.

பெங்களூரின் மாத்வக் குடும்பங்கள் நோற்கும் சாதுர்மாஸ்ய விரதத்தில் இந்த இரண்டாம் விடை அடுக்களை வரை வந்திருக்கிறது. ஆஷாட மாதச் சுக்ல ஏகாதசியை ஒட்டித் தொடங்கும் இவ்விரதம் நான்கு மாதம் நடக்கும். முதல் மாதம் காய்கறி விலக்கு. மிளகும் சீரகமும் பாசிப்பருப்புமே அப்போது சமையலைத் தாங்கும். அடுத்து தயிர், பிறகு பால், கடைசியில் பருப்பு வகைகள். ஒரு நேரத்தில் விடுவது ஒன்றைத்தான். மாதம் முடிந்ததும் அது இலைக்குத் திரும்பிவிடும். நெடுநாள் விரதம் முறியாமல் நிற்பதற்கு இந்த ஏற்பாடே காரணம் என்று கொள்ளலாம்.

வைத்திய நூல் இதே நிதானத்தை வேறு வகையில் வற்புறுத்துகிறது. ஒரு பருவத்தின் கடைசி ஏழு நாளும் அடுத்ததன் முதல் ஏழு நாளும் சந்திக்காலம் என்று வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் வகுக்கிறது. அந்தப் 14 நாட்களில் பழைய பழக்கத்தைப் படிப்படியாக விட்டுப் புதியதைப் படிப்படியாகப் பற்றவேண்டும். திடீரென மாற்றினால் நோய் வரும். உடற்பயிற்சியையும் அந்நூல் குளிரிலும் வசந்தத்திலும் பாதி வலிமையோடு நிறுத்தச் சொல்கிறது, மற்றப் பருவங்களில் இன்னும் குறைவாக.

பருப்பு விலக்கு முடிந்த சில நாளில், கார்த்திக மாதத்தின் கடைசித் திங்களன்று, பெங்களூரின் பசவனகுடியில் கடலேகாய் பரிஷே என்னும் வேர்க்கடலைத் திருவிழா கூடுகிறது. குடியானவர்கள் புது வேர்க்கடலையைப் பெரிய நந்திக்குப் படைப்பார்கள். கோயில் தெருவெங்கும் கடலை குவிந்து கிடக்கும். வேர்க்கடலை தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர், வாக்படர் அறியாதது. ஆயினும் குளிர்காலத்தில் பசித்தீ வலுக்கும், எண்ணெய்ப்பசையுள்ள உணவு ஏற்கும் என்ற அவர் கணக்குக்குள் அது இயல்பாக அமர்ந்துவிட்டது. சங்கராந்திக்கு அண்டை வீடுகளுக்குப் போகும் எள்ளு பெல்லத்திலும் எள், வெல்லம், கொப்பரை, பொட்டுக்கடலையோடு வேர்க்கடலை சேர்கிறது.

வெயில் ஏறும் மார்ச், ஏப்ரலில் யுகாதியின் வேப்பம்பூவும் வெல்லமும். ஒன்பதாம் திதியில் ராமநவமி: பானகம், நீர்மோர், பாசிப்பருப்புக் கோசம்பரி. பந்தல் போட்டுத் தெருவில் போகிற எவருக்கும் கொடுப்பார்கள். தனி மனிதரின் மன உறுதியை மட்டும் நம்பும் ஒழுக்கம் சீக்கிரம் தளரும். இங்கே தெருவும் உறவும் உரிய நாளை நினைவூட்டுகின்றன. உண்பது நலத்துக்காக மட்டுமன்று, பகிர்வதற்காகவும் படைப்பதற்காகவும் என்றாகும்போது உடல்நலம் தன்னைப் பற்றிய கவலையாகச் சுருங்குவதில்லை. விரதத்துக்கும் உணவுத்திட்டத்துக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இதுவே.

நூலிலுள்ள வழக்கத்தை இங்கே அப்படியே பெயர்த்து வைப்பதும் பொருந்தாது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நூல் சொல்லும் கடுங்கோடை இங்கே அந்த அளவுக்கு இல்லை, செப்டம்பர், அக்டோபரிலோ மழை வலுக்கிறது. நாட்காட்டியோடு வானத்தையும் பார்த்தாக வேண்டும். நோயாளிகள், முதியவர், குழந்தைகள், கருவுற்றவர் ஆகியோருக்கு விரதத்தில் விலக்கு அளிப்பது மரபிலேயே உண்டு. நீரிழிவு உள்ளவர் பானகத்தை ஒரு மடக்கோடு நிறுத்திக்கொள்வதும் அந்த விலக்கில் அடங்கும்.