ரயிலேறிய பத்திரிகை

ராபர்ட் ஆபட் சட்டம் படித்தவர். கறுப்புத் தோலுக்கு வக்கீல் தொழில் வாய்க்கவில்லை. 1905-இல் சிகாகோவில், வாடகைக்கு இருந்த வீட்டில் 25 சென்ட் முதலோடு ‘சிகாகோ டிஃபெண்டர்’ பத்திரிகையைத் தொடங்கினார். முதல் இதழ் 300 பிரதி. (காசு சேர்ந்ததும் அந்த வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு வீடே வாங்கித் தந்தார், மனுஷன்!)

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களுக்குப் பத்திரிகையைக் கொண்டுபோனவர்கள், ரயிலில் பயணிகளுக்குப் படுக்கை விரித்துப் போட்ட கறுப்பினத் தொழிலாளர்கள். முடிதிருத்தும் கடையிலும் தேவாலயத்திலும் எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். தெற்கே கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பல் அடித்துக் கொன்ற செய்தியும் இருக்கும், வடக்கே கிடைக்கும் வேலை விவரமும் இருக்கும். படித்தவர்களும் கேட்டவர்களும் வடக்கே போக மூட்டை கட்டினார்கள். பருத்திக் காட்டுக்கு ஆள் இல்லாமல் போய்விடுமே என்று பண்ணையார்கள் பதறினார்கள். சில ஊர்களில் பத்திரிகையைப் பறிமுதல் செய்தும் பார்த்தார்கள். பிரதிகள் போய்க்கொண்டேதான் இருந்தன.