கழற்றி வைத்த கம்பி

கிள்ளானில் எங்கள் வீட்டுப் போர்ச்சில் இரண்டு வாரமாக ஓர் இரும்புக் கம்பி செருப்பு அடுக்கின் பக்கத்தில் சாய்ந்து நின்றது. காரின் முன்பக்க ஸ்டெபிலைசர் பார். குழியில் இறங்கும்போதெல்லாம் ‘டக்’ என்று சத்தம் கேட்டது. தேய்ந்த ரப்பர் புஷ்ஷையும், கம்பியின் இரு முனைகளிலும் உள்ள லிங்க்கையும் நானே மாற்றிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையில் இறங்கினேன்.

இந்தக் கம்பி முன்சக்கரங்கள் இரண்டையும் ஒன்றோடொன்று பிணைக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் அதற்கு வேலை இல்லை. கூடவே சுழன்று கொடுக்கும். ஒன்று ஏறி மற்றது இறங்கும்போதுதான் அது முறுக்கிக்கொண்டு, கார் ஒரு பக்கமாகச் சாய்வதைக் குறைக்கும். அதனால் கழற்றும்போதும் இரண்டு பக்கத்தையும் சமமாகத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் கம்பி முறுக்கேறி நிற்கும். போல்ட் லேசில் வராது.

துருப்பிடித்த நட்டைத் திருகினால் தண்டும் சேர்ந்து சுற்றியது. கடைசியில் அறுத்தேன். வாங்கி வைத்திருந்த லிங்க் அளவு சேரவில்லை. சரியானது வர நாளாகும் என்றார் கடைக்காரர்.

பக்கத்து வீட்டு அங்கிள் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “அது இல்லாமலே கார் ஓடும் தம்பி. சத்தமும் போயிரும். எத்தனையோ பேரு கழட்டிப் போட்டுட்டு ஓட்டுறாங்க.”

ஓடத்தான் செய்தது. தினமும் ஃபெடரல் ஹைவேயில் பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்குப் போய் வந்தேன். ஒரு மழை மாலை, அம்மா பின்னிருக்கையில் இருந்தார். மோட்டார் சைக்கிள் ஒன்று சட்டென்று குறுக்கே வர, ஸ்டியரிங்கை ஒடித்தேன். அந்தக் காரில் நான் அதுவரை அறியாத அளவுக்கு ஒரு சாய்வு. பிறகு நிமிர்ந்தது. மோட்டார்காரர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். “மெதுவா போப்பா” என்றார் அம்மா. அவ்வளவுதான்.

ஒன்றும் நடக்கவில்லை. அப்படியென்றால் நான் தவறு செய்யவில்லையா?

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் ‘ஒழுக்க அதிர்ஷ்டம்’ என்ற சிக்கலைப் பேசினார்கள். நேகல் சொல்லும் உதாரணம் ஒரு லோரி ஓட்டுநர். பிரேக்கைச் சரிபார்க்காத ஓட்டுநர் முன்னால் குழந்தை ஓடிவந்தால் அவர் வாழ்நாள் குற்றவாளி. ஓடி வராவிட்டால், அசட்டையாக இருந்தவர், அவ்வளவே. இருவரின் அசட்டையும் ஒன்றுதான். வித்தியாசம் செய்தது அந்தக் குழந்தை. எனக்கும் அந்த மோட்டார்காரர் இரண்டடி தள்ளிப் போனதுதான் நற்சான்றிதழ். அது நான் சம்பாதித்ததல்ல.

இந்தக் கம்பி இல்லாமலே தயாரான கார்களும் உண்டே என்று கேட்கலாம். உண்டு. அவற்றின் ஸ்பிரிங்குகளும் மற்றவையும் அதற்கேற்றபடி அமைக்கப்பட்டவை. என் கார் இந்தக் கம்பியை நம்பி வடிவமைக்கப்பட்டது. அதைவிட, அந்த நம்பிக்கையில் அந்நியர்களுக்கும் பங்கிருக்கிறது. நம் நாட்டுச் சாலைகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். எதிரில் வரும் கார் முழுதாக இருக்கிறது என்று நினைத்துத்தான் அவர்கள் பக்கத்தில் நெருங்கி வருகிறார்கள். என் உயிரைப் பணயம் வைக்க எனக்கு உரிமை உண்டோ இல்லையோ, அவர்களிடம் கேட்காமல் அவர்களுடையதை வைக்க நிச்சயமாக இல்லை. அம்மாவிடமும் நான் கேட்கவில்லை.

சொந்த உபயோகக் காருக்கு இங்கே ஆண்டுதோறும் பரிசோதனை கிடையாது. அடியில் குனிந்து யாரும் பார்க்கப்போவதில்லை. லிங்க் வந்ததும் கம்பியைப் பூட்டினேன். ரப்பர் முறுக்கேறாமல் இருக்க, சக்கரங்கள் தரையில் பாரம் தாங்கி நிற்கும்போது நட்டுகளைக் கடைசியாக இறுக்கினேன்.

“இப்ப வித்தியாசம் தெரியுதா?” என்றார் அங்கிள்.

“தெரியல அங்கிள்” என்றேன். உண்மையும் அதுதான்.