தீவுக்கு விருந்து போதல்

நண்பரைக் காணக் கடல் கடக்க வேண்டியிருக்குமாயின், அந்த நட்பில் இருவரும் சமமானவர்கள்தானா? மாங்குளத்திலிருந்து நெடுந்தீவுக்கு விருந்தாகச் செல்பவர் இக்கேள்வியைத் தவிர்த்தல் அரிது. கண்டி வீதியில் பஸ் ஏறி, ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் அடைந்து, பண்ணைப் பாலத்தின் வழியே வேலணையையும் புங்குடுதீவையும் கடந்து குறிகட்டுவான் துறையில் இறங்கினால், அங்கே தரை முடிந்துவிடுகிறது. எஞ்சிய ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகில்.

விருந்தாளிக்கு அந்த ஒரு மணி நேரம் இன்பமே. அப்பால் முருகைக்கல் மதில்கள், மட்டக் குதிரைகள், ஒல்லாந்தர் கோட்டை. கிரேக்கத் தீவுகளுக்குக் கப்பலேறும் உல்லாசப் பயணியும் இவ்வாறே கடலை வியந்துகொண்டு போகிறார். இருவரும் நாளைத் தெரிந்தெடுத்து வந்தவர்கள். சோளகம் சீறும் நாளில் வரமாட்டார்கள். தீவில் வாழ்பவருக்கோ அந்தத் தெரிவு இல்லை. பிரசவ வலியும் பரீட்சையும் காற்றிடம் அனுமதி கேட்டு வருவதில்லை. ஒருவருக்குக் காட்சியாக இருக்கும் நீரே மற்றவருக்கு வீதி.

உள்ளத்தில் அன்பிருந்தால் போதும் என்பர் சிலர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. நல்ல தண்ணீர் அரிதான அத்தீவில், இரண்டாம் செம்பு நீரை வாங்கிக் கால் கழுவும் விருந்தாளியிடமும் அன்புக்குக் குறைவிருக்காது. தமிழில் விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள்; கிரேக்க மொழியில் அந்நியனுக்கும் விருந்தாளிக்கும் ஒரே சொல். வந்து மகிழ்ந்து மறுபடகில் மீள்பவர் எத்தனை முறை வந்தாலும் அந்நியராகவே மீள்கிறார்.

1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட 'குமுதினி' படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கு மேற்பட்டோர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். கொன்றவர் கடற்படையினர் என்பது தப்பியோர் சாட்சியம். வேறு வழியிருந்தால் அவர்கள் அவ்வழியே போயிருப்பார்கள். வன்னியிலிருக்கும் நமக்கு இது விளங்காத செய்தியன்று. 1990க்குப் பின் ஆனையிறவுப் பாதை அடைபட்டபோது, யாழ்ப்பாணத்து உறவினரைக் காணக் கிளாலிக் கடல்நீரேரியை இரவிருளில் சிறு படகுகளில் கடந்தவர்கள் நம்மவர்களே. 1993 ஜனவரியில் அந்நீரிலேயே பலர் மாண்டனர். அன்று நாமும் தீவினராக இருந்தோம். பின்னர் வீதி திறந்தது. 2014 அக்டோபரில் ரயிலும் மீண்டும் யாழ்ப்பாணம் சேர்ந்தது. வழி கிடைத்தவருக்கு வழியற்றவரின் நினைவு எத்துணை விரைவில் மங்குகிறது!

நம் வாசகர்களிற் பலர் ஆசிரியர்கள். அவர்களிடம் ஒன்று கூறியாக வேண்டும். தீவுப் பள்ளிக்கு நியமனம் பெற்றவர் அதனைக் கஷ்டப் பிரதேச சேவை என்று கணக்கிட்டு, இடமாற்றத்துக்குரிய ஆண்டுகளை எண்ணுவது உலக வழக்கம். அவருக்கும் குடும்பம் உண்டு. நாம் பழி கூறவில்லை. ஆனால் அவருடைய மாணவனுக்கு இடமாற்றம் கிடையாது. மாங்குளத்துக்கும் துணுக்காய்க்கும் ஒட்டுசுட்டானுக்கும் வந்த ஆசிரியர்களும் இவ்வாறே நாட்களை எண்ணியதை இங்கே படித்தவர்கள் அறிவார்கள். கடலில்லாத தீவுகளும் உண்டு.

இலாபம் தராத சிறுதீவுக் கப்பல் வழிகளைக் கிரேக்கர் 'மலட்டு வழி' என்று அழைக்கின்றனர். அரசு மானியம் கொடுத்து அவற்றை ஓட்டுவிக்கிறது. செய்கை நன்று, பெயரில்தான் வணிகனின் குரல் கேட்கிறது. கர்ப்பிணியை மருத்துவமனைக்கும் மாணவனைப் பரீட்சைக்கும் ஏற்றிச் செல்லும் வழி எவ்வாறு மலடாகும்? தரையில் வீதி போடும்போது அதன் இலாபத்தை எவரும் கேட்பதில்லை; நீரின்மேல் வீதி வேண்டும் என்றால் மட்டும் கணக்குப் புத்தகம் திறக்கப்படுகிறது. நெடுந்தீவில் விருந்துண்டு திரும்பியவருக்கு இந்தக் கணக்கை எதிர்க்கும் கடன் உண்டு. நட்பைச் சமமாக்குவதற்கு நாம் காணும் வழி அதுவே. கையோடு கொண்டுபோகும் பழமும் பிஸ்கட்டும் அதற்கு ஈடாகா.

கஷ்டப் பிரதேச சேவையின் ஆண்டுகளைக் குறைக்கக் கோரும் தீர்மானம் ஓர் ஆசிரியர் கூட்டத்துக்கு வந்தால் எளிதில் நிறைவேறும். சோளகத்திலும் ஓடக்கூடிய படகு வேண்டும் என்ற தீர்மானத்தை அதே கூட்டத்தில் முன்மொழிபவர் யார், வழிமொழிபவர் யார்?