உடன் ஓடுபவன் நண்பனா?

பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கைப்பேசியின் அழைப்புக்காகக் காத்திருக்கும் பெற்றோர் இல்லாத தெரு, வடபழனியில் இன்று அரிது. "சாப்பிட்டாயா? ஞாயிறு பூசைக்குப் போனாயா?" என்று கேட்டு முடித்த பின்னும், "அங்கே உனக்கென்று யார் இருக்கிறார்கள்?" என்ற கேள்வி மட்டும் தொண்டைக்குள் நின்றுவிடும். அண்மைக் காலமாக, கேளாத அக்கேள்விக்கு ஒரு விடை வரத் தொடங்கியிருக்கிறது. ஓட்டக் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன், சனிக்கிழமைதோறும் ஓடுகிறோம், ஓடி முடித்துச் சேர்ந்து காப்பி குடிக்கிறோம், நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள். பெற்றவர்களுக்கு இது ஆறுதலே. ஆயினும் ஓர் ஐயம் எழாமல் இல்லை. ஓடுவதற்காகக் கூடியவர்கள் நண்பர்கள் ஆவார்களா? கால் வலித்து ஓட்டம் நின்றுவிட்டால் நட்பும் நின்றுவிடாதா?

தமிழராகிய நமக்கு நட்பின் அளவுகோல் மிக உயரத்தில் இருக்கிறது. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை, கூடிப் பழகியதில்லை. ஆனாலும் சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, பாண்டிய நாட்டிலிருந்து புலவர் வந்து அவனோடு தாமும் உயிர் துறந்தார் என்று புறநானூறு காட்டுகிறது. உணர்வு ஒத்தால் போதும், உடனுறைதல் வேண்டா என்பது அம்மரபு. கிரேக்க ஞானி அரிஸ்டாட்டிலும் பயன் கருதிய நட்பு, இன்பம் கருதிய நட்பு, நற்பண்பு கருதிய நட்பு என மூவகைப்படுத்தி, முன்னைய இரண்டும் எளிதில் கலையக்கூடியவை என்றார். ஆனால் நண்பர்கள் ஒன்றாக வாழ்ந்து பழக வேண்டும், அதற்குக் காலம் தேவை என்றும் அவரே வலியுறுத்தினார். அயலூரில் தனித்து வாழும் இளைஞனுக்கு இப்பகுதியே முக்கியமானது. பிசிராந்தையாரைப் போன்ற நண்பர் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. நம்மில் பெரும்பாலோர் உடனிருந்து பழகித்தான் நட்பை அடைகிறோம்.

இத்தகைய குழுக்களுக்கு நமக்கு நெருக்கமான மண்ணிலேயே ஒரு பழைய வரலாறு உண்டு. 1938இல் கோலாலம்பூரில், கத்தலான் வழிவந்த ஆங்கிலேயரான ஆல்பர்ட் ஸ்டீபன் கிஸ்பர்ட் என்னும் கணக்காயர், தம்மைப் போல் தாயகத்தை விட்டு வந்த சிலரைச் சேர்த்து ஓர் ஓட்டக் குழுவைத் தொடங்கினார். சிலாங்கூர் கிளப்பின் உணவுக்கூடத்தைக் கேலியாக அழைத்து வந்த பெயரே குழுவுக்கும் அமைந்து, 'ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்' எனலாயிற்று. ஒருவர் முன்னே ஓடிக் காகிதத் துண்டுகளைத் தூவித் தடம் இடுவார். மற்றவர் அத்தடத்தைத் தேடி ஓடுவர். தடம் இடையிடையே அறுந்துவிடும். பொய்த் தடங்களும் உண்டு. விரைந்தோடுபவர் வழி தவறித் திரும்பி வருவதற்குள், மெல்ல ஓடுபவர் வந்து சேர்ந்துகொள்வார். முந்தியவரும் பிந்தியவரும் ஒன்றாக ஊர் சேரும்படி விளையாட்டின் விதியே அமைந்திருந்தது. (ஓட்டத்தின் முடிவில் அவர்கள் தாகம் தீர்த்துக்கொண்டது பீர் அருந்தித்தான். அதை இங்கு பரிந்துரைக்கவில்லை.)

இன்பம் கருதிய இந்நட்பு கலைந்துபோயிருக்க வேண்டும் அல்லவா? 1942 பிப்ரவரியில், ஜப்பானியப் படையை எதிர்த்த சிங்கப்பூர்ப் போரில் கிஸ்பர்ட் உயிரிழந்தார். போர் முடிந்ததும் எஞ்சியவர்கள் தேடிச் சேர்ந்து, 1946இல் மீண்டும் ஓடினார்கள். இன்று உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் அப்பெயரில் ஓடுகின்றன.

எனினும் இவ்வரலாற்றில் உறுத்தும் ஒன்றும் உண்டு. அத்தடங்கள் கோலாலம்பூரைச் சுற்றிய ரப்பர்த் தோட்டங்களின் ஊடே சென்றன. அத்தோட்டங்களில் பால் வெட்டிப் பிழைத்தவர்களுள் தமிழர் மிகப் பலர். அவர்களும் கடல் கடந்து வந்தவர்களே; தனிமை அவர்களையும் வாட்டியது. ஓடியவர்களோ ஆளும் இனத்து அலுவலர்கள். ஒரே மண்ணில் இரு வகை அயலார் வாழ்ந்தனர். நட்பு ஒரு வகையினருக்குள்ளேயே நின்றுவிட்டது. ஒத்தவரோடு மட்டும் கூடுகின்ற நட்பு, எவ்வளவு உண்மையானதாயினும், தன்னைச் சுற்றி ஒரு மதிலையும் எழுப்பிக்கொள்கிறது.

இதனினும் என் மனத்தைக் கவர்ந்தது பிற்காலத்து நிகழ்ச்சி ஒன்று. தென்னாப்பிரிக்காவில் வளர்ந்து இங்கிலாந்தில் குடியேறிய பால் சின்டன்-ஹியூவிட், ஓட்டத்தில் நாட்டமுடையவர். காயம் பட்டு அவரால் ஓட முடியாமற்போனது. நண்பர்களை இழக்க மனமின்றி, 2004 அக்டோபர் 2ஆம் நாள் இலண்டன் புறநகரிலுள்ள புஷி பூங்காவில், மற்றவர்கள் ஓட, தாம் நின்று நேரம் குறிக்கும் ஓர் ஏற்பாட்டைச் செய்தார். அன்று ஓடியவர்கள் 13 பேர். கட்டணமில்லாத அந்த ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், 'பார்க்ரன்' என்ற பெயரில் சிங்கப்பூர், மலேசியா உட்படப் பல நாடுகளில் பரவியுள்ளது. கால் நின்றால் நட்பும் நிற்குமோ என்ற பெற்றோரின் ஐயத்துக்கு இதுவே விடை என்பேன். கால் நின்றபோதுதான் அம்மனிதருக்குத் தாம் ஓடியது எதற்காக என்பது விளங்கியது. அவ்வோட்டத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. தன்னார்வலர் ஒருவர் எல்லார்க்கும் பின்னால் நடந்து வருவார். கடைசியாக முடிப்பவர் அவரே. ஆகவே வேறு எவரும் கடைசி ஆளாக வர வேண்டியதில்லை. 'கடைசியானோர் முதன்மையாவர்' என்னும் நற்செய்தியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கடைசி இடத்துக்கு ஓர் ஆளை நியமிக்கலாம் என்று நமக்குத் தோன்றியதில்லை.

எம்மாவு வழியில் நடந்த சீடர் இருவரோடு சேர்ந்துகொண்டவரும் அவர்கள் கண்ணுக்கு அந்நியராகவே இருந்தார். "எருசலேமில் தங்கியிருக்கும் அந்நியரோ?" என்ற பொருள்பட அவர்கள் கேட்டதை லூக்கா குறித்துவைத்திருக்கிறார். சேர்ந்து நடந்தார்கள், பேசினார்கள். ஆனாலும் அவரை அறியவில்லை. பொழுது சாய்ந்தபோது, எங்களோடு தங்கும் என்று வற்புறுத்தி அழைத்தார்கள். அதன் பிறகுதான் அப்பம் பிட்கையில் கண்கள் திறந்தன. உடன் நடப்பது நட்புக்கு வாயில். அழைப்பு விடுத்தபோதே அவர்கள் உள்ளே நுழைந்தார்கள். ஓட்டக் குழுவும் அவ்வாறே. வாரந்தோறும் கூடுவது அறிமுகம். "சென்ற வாரம் அவர் வரவில்லையே, உடம்புக்கு என்ன?" என்று ஒருவர் விசாரித்துக் கதவைத் தட்டும் நாளில் அது வேறொன்றாக மாறுகிறது.

நம் மகனை அல்லது மகளை அப்படி ஒரு அயலார் விசாரிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். நியாயமே. எகிப்தில் அந்நியராயிருந்ததை நினைத்து, உங்களிடம் தங்கும் அந்நியரை நேசியுங்கள் என்று லேவியர் நூலின் 19ஆம் அதிகாரம் இஸ்ரயேலருக்குக் கட்டளையிட்டது. கட்டளை, அயல்நாட்டாரை நோக்கியதன்று. ஊரில் நிலைத்திருப்போரை நோக்கியது. வடபழனியின் உணவகங்களிலும் கட்டட வேலைகளிலும் ஒடிசா, ஜார்க்கண்ட், நேபாளம் ஆகிய இடங்களின் இளைஞர்கள் உழைக்கிறார்கள். அவர்களுக்கும் தொலைவில் ஒரு தாய் இருக்கிறாள். அவர்களுள் கத்தோலிக்கரும் உண்டு. தமிழ்த் திருப்பலியில் பின்வரிசையில் நின்று, பாடல் புரியாவிட்டாலும் நற்கருணை பெற்று, முடிந்ததும் ஒருவரோடும் பேசாமல் கலைந்து செல்கிறார்கள். நம் பங்குகளில் இளைஞர் இயக்கங்கள் பல உள்ளன. கால்பந்தும் கைப்பந்தும் ஆடுகிறார்கள். அடுத்த ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறையும்போது, பின்வரிசையில் நிற்கும் அந்த இளைஞனைக் கூப்பிடலாம். பந்தாட மொழி அதிகம் தேவைப்படாது. ஆட்டம் முடிந்தபின் தேநீர் குடிக்கையில் பெயரைக் கேட்டுக்கொள்ளலாம்.