ஒடித்த கை எது?

மிதிவண்டிப் பட்டறையில் எந்நாளும் நடக்கக்கூடிய சிறு நிகழ்ச்சி ஒன்று, அறநூலார் பல நூற்றாண்டுகளாக வாதிட்டு வரும் பெரு வினா ஒன்றைத் தன்னுள் கொண்டிருக்கிறது. பேராக் மாநிலத்தின் ஈப்போ நகரில், புந்தோங்கில், சுங்கை பாரிச் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் அப்பட்டறை இருப்பதாகக் கொள்க. கச்சாங் பூத்தே விற்கும் ஒருவர், பின்சக்கரத்தின் மேலுள்ள கேரியர் ஆடுகிறது என்று தம் வண்டியைக் கொண்டுவந்து விடுகிறார். பழுது பார்ப்பவர் கேரியரைக் கழற்ற எண்ணி, அதனைச் சட்டத்தோடு பிணைத்திருக்கும் ஐந்து மில்லிமீட்டர் திருகாணியின் தலையில் ஸ்பேனரை மாட்டுகிறார். கால் சுற்றுக்கூட ஆகவில்லை. மெல்லிய ஓசையோடு ஆணியின் தலை கையோடு வந்துவிடுகிறது. உடல் சட்டத்தின் துளைக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

“அண்ணே, காலையில் இதே வண்டியில்தானே சுமை ஏற்றி வந்தேன்? உங்கள் கையில்தானே ஒடிந்தது?”

“தம்பி, அது உள்ளே எப்போதோ அரித்துப்போயிருந்தது. இங்கே ஒடியாவிட்டால் நடுச்சாலையில் ஒடிந்திருக்கும்.”

இருவர் சொல்வதும் உண்மை. வழக்கு தீராமல் நிற்பதற்கும் அதுவே காரணம்.

காரணங்களை வகுத்துக் காணும் முறை தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. சைவ சித்தாந்தம் பயின்றோர் முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என மூன்றாகப் பகுப்பர். குடத்திற்கு மண் முதல், திரிகை துணை, குயவன் நிமித்தம். இவ்வாய்பாட்டை ஒடிந்த ஆணிக்குப் பொருத்தினால், இரும்பு முதலாகவும் ஸ்பேனர் துணையாகவும் பழுது பார்ப்பவர் நிமித்தமாகவும் அமைவர். வழக்கும் அவருக்கு எதிராக முடிந்துவிடும். ஆயினும் ஆக்கத்திற்கு வகுத்த அளவுகோலை அழிவின்மேல் அப்படியே வைத்தல் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. குயவன் இன்றிக் குடம் உருவாதல் இல்லை. உடைவதற்கோ ஒருவரும் வேண்டியதில்லை. மழையும் வெயிலும் காலமும் போதும்.

ஈப்போவில் ஆண்டுதோறும் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அந்நீர் மரையின் இடுக்குகளில் புகுந்து தங்குகிறது. இரும்பு துருவாகும்போது தானிருந்த இடத்தைப் போல இரு மடங்குக்கு மேல் இடம் கொள்ளும். துளைக்குள் விரிய இடமில்லாத துரு, ஆணியையும் சட்டத்தையும் ஆப்பு வைத்தாற்போல் இறுக்கிவிடுகிறது. சட்டம் அலுமினியமாகவும் ஆணி எஃகாகவும் இருப்பின் வேறொரு தீங்கும் சேரும். ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் இருவேறு உலோகங்களுக்கிடையே மின்வேதி மாற்றம் நிகழ்ந்து, அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாகி இடுக்கை அடைக்கும். முன்னர் ஒருவர் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கலாம். மரையில் சிறிது கிரீஸ் தடவாமல் விட்டிருக்கலாம். நாள்தோறும் ஏறிய சுமை சாலைக் குழிகளில் குலுங்கிக் குலுங்கி ஆணியை வளைத்து நிமிர்த்தியிருக்கும். இத்தனை கைகளுக்குப் பின்னர் வந்த கையின்மீதே பழி விழுகிறது.

வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வண்டியின் அச்சு முறிவதைக் கூறுகிறார். ஏற்றப்படுவது மயிற்பீலியே ஆயினும் அளவு கடந்தால் அச்சு இறும் என்பது அங்குள்ள கருத்து. அரசனுக்குச் சொன்ன அவ்வுவமையில் அளவு என ஒன்று உண்டு. அதனை மீறாதவரை அச்சு நிற்கும் என்ற உறுதியும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகைவண்டி வந்தபோது அவ்வுறுதி ஆட்டங்கண்டது. 1842 மே 8ஆம் நாள், வெர்சேயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த புகைவண்டியின் எஞ்சின் அச்சு முறிந்து, ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நன்கு ஓடிக்கொண்டிருந்த அச்சுகள் திடீரென முறிவது ஏன் என்ற வினா பொறியாளர்களை வாட்டியது. பிரஷ்யப் புகைவண்டிப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 1860களிலும் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்தார். ஒருமுறை ஏற்றினால் எளிதில் தாங்கக்கூடிய சுமையே, பல்லாயிரம் முறை மாறி மாறி ஏறி இறங்கும்போது இரும்பை முறித்துவிடும் என்பதை அவர் காட்டினார். வள்ளுவரின் வண்டியில் அளவை மீறிய கடைசிப் பீலியைச் சுட்டிக்காட்ட இயலும். வோலரின் அச்சில் மீறிய சுமை எதுவுமில்லை. கடைசிச் சுழற்சியும் முதற் சுழற்சியைப் போன்றதே.

உடைந்த இரும்புக்குத் தன் வரலாற்றைத் தானே கூறும் இயல்பும் உண்டு. ஒடிந்த தலையைத் திருப்பி அதன் முகத்தை வெளிச்சத்தில் பார்த்தால், சில வேளைகளில் இரு நிறங்கள் தெரியும். ஒரு பகுதி கறுத்து, துருவேறி, தேய்ந்திருக்கும். அது பழைய விரிசல். எஞ்சிய பகுதி வெள்ளியைப் போல் மின்னும். அன்று ஒடிந்தது அவ்வளவே. பழுது பார்ப்பவர் அதனை உரியவரிடம் காட்டுவாரானால் வழக்கில் சான்று ஒன்று கிடைத்துவிடும். முகம் முழுவதும் மின்னுமானால் அச்சான்று அவருக்கு எதிரானது. அதனையும் அவர் காட்டுவாரா என்பது வேறு வினா.

கை எதுவும் இல்லாத முறிவுகளும் உள. தைப்பூசத்திற்குப் புந்தோங் வழியே சென்று வழிபடுவோர் அறிந்த கல்லுமலை, குனோங் சீரோ எனப்படும் சுண்ணாம்புக்கல் குன்று. 1973 அக்டோபர் 18ஆம் நாள் அக்குன்றிலிருந்து பெரும்பாறை ஒன்று பெயர்ந்து அடிவாரத்து வீடுகளின்மேல் விழ, ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். சுண்ணாம்புக்கல்லை மழைநீர் கரைக்கும். விரிசல்கள் எண்ணிலடங்கா ஆண்டுகள் வளர்ந்திருக்கும். அப்பாறையை எவரும் தள்ளவில்லை. எனினும் இத்தகைய துயரின் முன் மனித மனம் சும்மா இருப்பதில்லை. ஒடித்தவர் யார் என்று கேட்க இயலாதபோது, அறிந்திருக்க வேண்டியவர் யார் என்று கேட்கிறது. செங்குத்தான பாறையின் கீழ் மக்கள் குடியிருக்க நேர்ந்தது எவ்வாறு என்று கேட்கிறது. அது நேர்மையான கேள்வி. பட்டறைக்கும் அதுவே பொருந்தும்.

பழுது பார்ப்பவர் எதனை அறிந்திருக்கக் கூடும்? ஆணித் தலையைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை தெரிந்தால் உள்ளே துரு உண்டு என அவர் அறிவார். துரு கரைக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊற வைக்கலாம். தலையைச் சுத்தியலால் மெல்லத் தட்டி இடுக்கை நெகிழ்த்தலாம். தளர்த்துமுன் மயிரிழை அளவு இறுக்கிப் பார்த்து, பின் முன்னும் பின்னுமாக அசைக்கலாம். எல்லாவற்றிற்கும் முன், “தம்பி, இது ஒடிந்தாலும் ஒடியும், கழற்றட்டுமா?” என்று ஒரு வார்த்தை கேட்கலாம். இவற்றைச் செய்தும் ஒடிந்தால் குற்றமில்லை. மாலைக்குள் பத்து வண்டிகளை முடிக்கும் அவசரத்தில் ஸ்பேனரின் வாலில் குழாயைச் செருகி மிதித்திருந்தால் குற்றம் அவருடையதே. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 104ஆம் பிரிவில் கூறுவதும் ஏறத்தாழ இதுவே. பிறர் ஒப்படைத்த பொருளைப் பெற்றவர், இயல்பான விவேகமுடைய ஒருவர் தம் பொருளைப் பேணும் அளவுக்குப் பேண வேண்டும். அவ்வளவு பேணியபின் நேரும் இழப்புக்கு அவர் பொறுப்பில்லை.

சட்டம் அங்கே நின்றுவிடுகிறது. ஆனால் கேரியர் இல்லாத வண்டியோடு நிற்பவருக்கு மறுநாள் வியாபாரம் உண்டு. “என்மேல் தவறில்லை” என்று கூறி, ஆணி புதைந்த சட்டத்தைத் திருப்பிக் கொடுக்கும் பழுதுபார்ப்பவர் சட்டப்படி நேர்மையானவர். இருந்தும் அவரிடம் ஏதோ ஒன்று குறைவதாகப் பார்ப்போர்க்குத் தோன்றுகிறது. அக்குறை எது?

ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெர்னார்டு வில்லியம்ஸ் 1976இல் அறத்தில் நற்பேற்றின் இடத்தை ஆராய்ந்தபோது, தன் தவறு சிறிதுமின்றி ஒரு குழந்தையின்மேல் வண்டியை ஏற்றிவிட்ட லாரி ஓட்டுநரை எடுத்துக்காட்டினார். அருகில் நின்றவர் படும் துயர் வேறு, ஓட்டியவர் படும் துயர் வேறு என்றார். குற்றமற்றவர் என்று பிறர் தேற்றலாம், தேற்றவும் வேண்டும். ஆனால் அவர் மிக விரைவில் தேறிவிட்டால் நமக்கே அவர்மீது ஐயம் பிறக்கும். தமிழர்க்கு இவ்வழக்கு பழையது. திருவாரூர் வீதியில் துள்ளி வந்த கன்று தேர்க்காலில் சிக்கியதில் சோழ இளவரசன் செய்த பிழை எதுவுமில்லை. மனுநீதிச் சோழன் மகன்மேல் தேரூர்ந்த தீர்ப்பு அளவு கடந்தது என்று இன்றைய மாணவர் வாதிடலாம். அவ்வாதத்தில் வலு உண்டு. ஆனால் சேக்கிழார் காட்டும் இளவரசன், தந்தை அறியுமுன்னரே, எவரும் குற்றஞ்சாட்டுமுன்னரே, கழுவாய் தேடப் புறப்படுகிறான். கவனிக்க வேண்டிய இடம் அது. தீர்ப்பு பிறர் தருவது. அந்த நடை அவன் தானே எடுத்தது.

பள்ளிக்கூடங்களிலும் இவ்வழக்கு நடக்கிறது. தோட்ட லயத்தில் தொடங்கி, இடம் பெயர்ந்து, பள்ளி மாறி, வறுமையில் நைந்து வந்த மாணவன் ஒருவன், ஒரு கடுஞ்சொல்லால் படிப்பை விட்டுவிடுகிறான். அச்சொல்லைக் கூறிய ஆசிரியர், “முன்னரே அவன் அப்படித்தான்” என்கிறார். பெற்றோர், “உங்கள் வகுப்பில்தானே நின்றான்” என்கின்றனர். ஆணிக்கு விரிசலைச் சொல்ல வாயில்லை. மாணவனுக்கு உண்டு, கேட்டிருக்கலாம். ஆதலின் ஆசிரியரின் நிலை பட்டறைக்காரரின் நிலையினும் கடினமானது.

பட்டறைக்கு மீள்க. பேணுதல் தவறாத பழுதுபார்ப்பவர் கூலி பேசாமல் வேலையைத் தொடங்குகிறார் என்று கொள்க. ஆணியின் அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ரம்பத்தால் பள்ளம் வெட்டித் திருப்புளியால் சுழற்றிவிடலாம். உள்ளே புதைந்திருந்தால் முகத்தை அராவிச் சமமாக்கி, நட்ட நடுவில் கூராணியால் புள்ளி அடித்துத் துளையிட வேண்டும். நடுவிலிருந்து சிறிது விலகினாலும் சட்டத்தின் மரை போய்விடும். இடப்புறமாகச் சுழன்று வெட்டும் அலகு கிடைத்தால் நன்று. அது துளைக்கும்போதே ஆணியைப் பற்றித் திருகி வெளியே கொண்டுவந்துவிடுவதும் உண்டு. அதற்கும் வாராவிடில், துளைக்குள் எதிர்மரையுள்ள கூம்புக் கருவியைச் செருகித் திருக வேண்டும். அனுபவமுடையோர் பலரும் அஞ்சுவது இக்கட்டத்திற்கே. அக்கருவி மிகக் கடினமான எஃகினால் ஆனது. அதனாலேயே சட்டென ஒடியும். உள்ளே ஒடிந்துவிட்டால் சாதாரணத் துளை அலகு அதன்மேல் வழுக்கும். முதல் முறிவில் மழைக்கும் சுமைக்கும் முன்னே இறுக்கியவருக்கும் பங்கு இருந்தது. இம்முறிவில் பங்கு கொள்ள வேறு எவரும் இல்லை.

ஆதலால் அவர் கூம்புக் கருவியை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் பெட்டியில் வைக்கிறார். துளையைச் சிறிது சிறிதாக 4.2 மில்லிமீட்டர் வரை அகலப்படுத்தி, எஞ்சிய மரைச் சுருளை ஊசிமுனையால் பெயர்த்தெடுத்து, மரை வெட்டும் கருவியை எண்ணெய் விட்டுச் செலுத்துகிறார். அரை மணியில் முடிய வேண்டிய வேலை இரண்டு மணி நேரம் எடுக்கிறது. புதிய ஆணிக்குக் கிரீஸ் தடவி முடுக்கியபின், இரு நிறம் காட்டும் பழைய தலையைத் துணியில் துடைத்து, வண்டியோடு சேர்த்து உரியவரிடம் நீட்டுகிறார். கச்சாங் பூத்தே விற்பவர் அதனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்.

“எவ்வளவு அண்ணே?”

“கேரியர் ஆடியதற்கு மட்டும் கொடு, தம்பி. புது ஆணியின் விலையை நீ ஒன்றும் சொல்லாவிட்டால் நானே பார்த்துக்கொள்கிறேன்.”

அவர் ஆணியின் விலையையும் சேர்த்தே எண்ணி வைக்கிறார். இரண்டு மணி நேரக் கூலியைப் பற்றி இருவரும் பேசவில்லை.