ஆகுமானதும் அளவானதும்



இறைச்சி ஆகுமானது. அதில் ஐயமில்லை. அல்லாஹ் ஆகுமாக்கியதை விலக்கென்று சொல்ல நாம் யார்? நாயகம் (ஸல்) அவர்கள் ஆட்டின் முன்னங்கால் இறைச்சியை விரும்பி உண்டார்கள் என்று ஹதீது நூல்கள் கூறுகின்றன. ஆகவே மரக்கறிப் பிரசாரத்துக்குக் கிளம்பிவிட்டோம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆகுமான பொருளாயிற்றே என்று வாரம் ஏழு நாளும், இரண்டு வேளையும் அதையே உண்பது முறையா என்பதுதான் நம் கேள்வி.

அதே நாயகம் (ஸல்) அவர்களின் இல்லங்களில் இரண்டு மாதம் கடந்தும் அடுப்பு மூட்டப்படாமல், பேரீச்சம்பழமும் தண்ணீருமே ஆகாரமாயிருந்த செய்தியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். முன்னங்கால் செய்தியை விருந்துகளில் எடுத்துச் சொல்லும் நாம், இதை ஏனோ சொல்வதில்லை.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலே ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஜாபிர் (ரலி) அவர்கள் இறைச்சி கொண்டுபோவதைக் கலீபா உமர் (ரலி) அவர்கள் கண்டு, இதென்ன என்று கேட்டார்கள். ஆசைப்பட்டோம், ஒரு திர்ஹத்துக்கு வாங்கினேன் என்று பதில் வந்தது. அண்டை வீட்டாருக்காகவோ, சிற்றப்பன் மகனுக்காகவோ வயிற்றைச் சற்று ஒடுக்கிக்கொள்ள உங்களுக்கு மனமில்லையா என்று கலீபா கடிந்துகொண்டார்கள். ஒரு திர்ஹத்துக்கே இந்தக் கேள்வி! மதுவுக்கு உள்ளதைப் போன்ற பழக்கம் இறைச்சிக்கும் உண்டு என்று எச்சரித்தவர்களும் அவர்களே. வாங்குவதும் விற்பதுமே தொழிலாகக் கொண்ட நாம் இதை ஆற அமர யோசிக்க வேண்டும். காசு கையில் இருக்கிறது, சரக்கு ஹலால். ஆனாலும் கணக்கு அங்கே முடிந்துவிடவில்லை. பக்கத்து வீட்டானும் அந்தக் கணக்கில் இருக்கிறான்.

பழக்கம் என்றால் எத்தகையது என்பதை 2022ஆம் ஆண்டில் கண்டோம். மலேசியா ஜூன் 1 முதல் கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. முந்திய ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்த கோழியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அங்கிருந்துதான் வந்தது; பெரும்பாலும் உயிரோடு வந்து இங்கே அறுபட்டவை. கேலாங் சிராய் சந்தையிலும் அதே பேச்சு. வழக்கமான உயிர்க்கோழி மீண்டும் வர அக்டோபர் ஆயிற்று. அதுவரை மீனும் முட்டையும் தெம்பேயும் உறைகோழியும் கொண்டு வீடுகளில் உலை கொதித்தது. யாரும் இளைத்துப் போனதாகத் தெரியவில்லை, புலம்பல்தான் மிகுந்திருந்தது.

தேக சுகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்நாட்டுச் சீனர் 63,257 பேரைப் பல்லாண்டு கவனித்து 2017இல் வெளியான ஆய்வில், செவ்விறைச்சியை மிக அதிகமாக உண்டவர்களுக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைவிட, நீரிழிவு அபாயம் 23 விழுக்காடும், கோழியை அப்படி உண்டவர்களுக்கு 15 விழுக்காடும் கூடுதலாகக் காணப்பட்டது. மீனில் அப்படி ஒன்றும் காணவில்லை. அது சீனருக்குத்தானே என்று தட்டிக்கழிக்க வேண்டாம். இங்கே அந்நோய் சீனரைவிட இந்தியரையும் மலாய்க்காரரையுமே அதிகம் பற்றியிருக்கிறது.

இவ்வளவும் அறிந்தும் நம்மைத் தடுப்பது நாக்கு மட்டுமா? கௌரவமும்தான். கறியில்லாத சோற்றை விருந்தாளி முன் எப்படி வைப்பது என்கிறோம். நம் பெரியோர்கள் கெட்டிக்காரர்கள். நாலு எலும்பைப் பருப்பிலும் கத்தரிக்காயிலும் போட்டுத் தாலிச்சா ஆக்கி ஒரு வீட்டுக்கே பரிமாறினார்கள். களரிச் சாப்பாடு கலியாண நாளுக்கென்று இருந்தது. இப்போது தினமும் கலியாணம்!

திங்களும் வியாழனும் சுன்னத்தான நோன்பு நாட்கள். நோன்பு வைக்க இயலாதவர்களும் அவ்விரு நாட்களில் இறைச்சியை நிறுத்தி, மிஞ்சும் வெள்ளியைப் பக்கத்தில் கஷ்டப்படும் வீட்டுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் கடைச் சிப்பந்திகளுக்குக் கீரையும் பருப்பும் வைத்துவிட்டு, முதலாளி மட்டும் பின்கட்டில் சுக்கா உண்பதானால், இந்த யோசனையை நாம் இப்போதே திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.