விரலிடை விலங்கு

கால்விரல் கறுக்கிறது, அழுகுகிறது, மருத்துவர் வெட்டி எடுக்கிறார். புண் ஆறுமுன்னே நோயாளி கேட்கிறான், "ஒரு பீடி கிடைக்குமா?" என்று! புகைப்போரின் குருதிக் குழாய்களை அடைக்கும் பர்ஜர் நோய்க்கு மருத்துவம் செய்வோர் நன்கறிந்த காட்சி இது. புகையை அறவே விட்டால் பெரும்பாலும் மேற்கொண்டு வெட்ட வேண்டியிராது. விடாவிடில் கத்தி மேலும் மேலேறும். இதனைச் சொல்லியும் கேட்கிறான். ஏன்?

தலைவிதி என்பான் பழமைவிரும்பி. மனவுறுதியற்ற கோழை என்பான் நம்மில் ஒருவன். முன்னவன் காரணத்தை வானத்தில் தேடினான். பின்னவனோ தேடவே இல்லை!

காரணம் கேட்பதன்றோ பகுத்தறிவு? காரணம், நிகோடின். இழுத்த புகையிலிருந்து சில நொடிகளில் அது மூளையை எட்டி இன்பவுணர்வைத் தூண்டுகிறது. பழகிய மூளை, அது கிட்டாதபோது எரிச்சலும் பதற்றமும் கொண்டு அலைக்கழிக்கிறது. ஹெராயின், கோகெயின் போன்றே இதுவும் அடிமைப்படுத்தும் என அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை 1988-இல் உரைத்தது.

அப்படியாயின், புகைப்பவனுக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. விலங்கு கனமானது, ஆனால் உடைக்க முடியாததன்று. 1951-இல் தொடங்கி, பிரிட்டனின் மருத்துவர்களையே டாலும் ஹில்லும் ஆராயத் தலைப்பட்டனர். புகைத்த மருத்துவர்கள் பலர் பின்னர் அதைக் கைவிட்டனர். 30 வயதில் விட்டோர் ஏறத்தாழ 10 ஆண்டு வாழ்வையும், 60 வயதில் விட்டோரும் 3 ஆண்டு வாழ்வையும் மீட்டனர் என்று 2004-இல் வெளியான முடிவு காட்டியது.

நெல்லைச் சீமையில் இக்கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் மடியில் தட்டேந்தி, இலை நறுக்கி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டும் பெண்களைக் காணுங்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்பது கூலி. புகையிலைத் தூசு நெஞ்சுக்குள் புகுவது கூலிக்கு மேல் கிடைக்கும் கொடை! கணவனைப் பிணிக்கும் விலங்கை மனைவியின் விரல்களே வார்க்கின்றன. அவளைப் பழிக்கலாமோ? அடுப்பெரிய அவளுக்கு வேறென்ன தொழில் கொடுத்தோம்?

ஆகவே தோழர்களே, மருத்துவமனை வாயிலில் வசவு வேண்டா, வழி வேண்டும். நிகோடின் ஏக்கத்தைத் தணிக்க மருந்து உண்டு. மருத்துவரின் சில நிமிட அறிவுரைக்கும் பயன் உண்டு. பலமுறை தோற்றவனும் மீண்டும் முயன்று வென்றதுண்டு. அவை ஏழைக்கும் எட்டட்டும். சுற்றும் கைகளுக்கு மாற்றுத் தொழில் கிட்டட்டும்.

அடிமையை இகழ்ந்து எந்த அடிமைத்தனம் ஒழிந்தது?